பூஞ்சணம் பிடித்த சோளம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு விவசாய ஆய்வு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மழை குறைந்த கரிசல் காட்டுச் சோளம் மலாக்காவில் விளையுமா என்று பார்க்க இந்தியாவிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். வெயிலில் கறுத்த ஒல்லி மனிதர். எங்கே நின்றாலும் மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பார்.

இங்குள்ள மழையில் கதிரெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

"புது சர்க்கார்கிட்ட நல்ல பேர் வாங்கணும். அறிக்கையில நல்லா விளைஞ்சதுன்னே அடி லா," என்றார் என் அலுவலக அதிகாரி. பயந்து அடித்துக் கொடுத்தேன்.

ஆய்வாளர் கெட்டுப்போன கதிர்களை அள்ளிவந்து அதிகாரியின் மேசையில் கொட்டினார். "எஸ்டேட் சனங்க இத நம்பி விதைச்சா, அவங்க புள்ளைங்க எதைத் திங்கும்?" என்று கத்தினார். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்.

கிளம்பும்போது, "பொய்னு தெரிஞ்சுதானே அடிச்சே, தம்பி?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றும் அந்த அதிகாரியைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.