அவளைப் பேச வைக்கும் வேலை

யுத்த நிறுத்தத்தில் கண்டிப் பாதை திறந்து இரண்டாவது வருடம், என் மனைவியின் இடது கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு கட்டி எழும்பியது. விரலை வைத்தால் துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். மணிக்கட்டு நாடியின் கணக்கும் அதன் கணக்கும் ஒன்றுதான். சும்மா கட்டி என்றால் அது ஏன் நெஞ்சோடு சேர்ந்து அடிக்க வேண்டும்?

மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். சொன்ன வைத்தியம் ஒன்பது. பக்கத்து வளவு மனுசி நொச்சியிலை அரைத்துப் பத்துப் போட்டு, இறுக்கிக் கட்டச் சொன்னா.

"அமத்த வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

"உவருக்கு மழை வந்தாலும் பயம், வராட்டிலும் பயம்," என்றாள் மனைவி. "நீங்கள் ஒண்டும் நினையாதேங்கோ அக்கா."

ஓமந்தையில் இறங்கி, இராணுவச் சோதனை முடித்து, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கான் படத்தைப் பார்த்தவர்கள் அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். முன்பு ஒரு இடப்பெயர்வில் ஷெல் துண்டொன்று அவள் கழுத்தில் கீறிப்போனது. அந்தக் காயம் ஆறிவிட்டதென்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின் சுவர் அந்த இடத்தில் பழுதாகி, பலூன் போல ஊதியிருந்தது. வெடித்தால் உயிர் போகும். உள்ளே உறைந்த இரத்தத்தில் ஒரு துணிக்கை கழன்று மேலே ஏறினாலும் பேச்சும் வலது கையும் போய்விடலாம். கழுத்தை வெட்டப்போவதில்லை. தொடை மடிப்பில் சிறு துளை போட்டு, உள்ளால் ஒரு கம்பியைக் கழுத்துவரை ஏற்றி, துணி போர்த்த வலைக்குழாய் ஒன்றை அந்த இடத்தில் விரிப்பார்களாம்.

நான் முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன். வாய்க்கால் கரை அரித்தால் முதல் வேலை குளத்து மதகின் துருசை மூடித் தண்ணீரை மறிப்பதுதான். பிறகுதான் மண்வெட்டி.

"இரத்தத்தை எத்தனை நிமிடம் மறிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"மறிக்கமாட்டோம். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செய்வோம்," என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் அதையேதான் சொன்னார்.

அவளை மயக்கவும் மாட்டார்களாம். பேச்சுக் குழறினால் மூளையில் பிசகு என்று உடனே தெரியவேண்டும். தமிழ் தெரிந்த தாதி சிகிச்சை நாளன்று லீவு. ஆகவே சிகிச்சை அறையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் ஒரு கதிரையில் என்னை இருத்தி, முன்னால் ஒரு மைக்கை வைத்தார்கள். அவளைப் பேச வைப்பது என் வேலை.

திரையில் சாம்பல் நிறத்தில் அவள் கழுத்து தெரிந்தது. மருந்து செலுத்தியதும் குழாய்கள் கறுப்பாக விழித்தன. இலையுதிர்ந்த மரம் போல கிளை, கிளைக்குள் கிளை. எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். இத்தனை வருடம் என்னோடு சண்டை பிடித்த மனுசிக்குள் இப்படியொரு மரம் நின்றிருக்கிறது. அதன் ஒரு கிளையில் அந்தக் கறுத்த வீக்கம்.

"இஞ்சாரும், ஒண்டிலையிருந்து எண்ணும்."

"நீங்களே எண்ணுங்கோ. உங்களுக்குத்தானே அது பொழுதுபோக்கு. எனக்கு முதுகு குளிருது."

கம்பி வீக்கத்தின் வாயைக் கடக்கும் நேரம். டாக்டர் வழமையாகக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் கேட்டேன். ஊர் சொன்னாள். பிள்ளைகளின் பெயர் சொன்னாள். அடுத்த கேள்வியையும் யோசிக்காமல் கேட்டேன்.

"உம்மடை புருசன்ரை பேர் என்ன?"

பதில் இல்லை.

டாக்டரின் கை நின்றது. திரும்பக் கேட்டேன். அவளுடைய உதடுகூட அசையவில்லை. போய்விட்டது, பேச்சுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என்னப்பா, சொல்லுமன்!"

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள். "கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து வாயாலை சொல்லாததை, இவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னாலை படுத்துக்கிடந்தே சொல்லுறது?"

டாக்டருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் சிரித்தன. தன் அம்மாவும் அப்படித்தான் என்றார். திரும்பவும் கம்பியைத் தொட்டார்.

ஒரு மெல்லிய நிழல் மேலே வந்து வீக்கத்துக்கு நேரே நின்றது. பிறகு அது விரிந்தது, குடை விரிகிற மாதிரிக்கூட இல்லை, அதைவிட அமைதியாக. மறுபடி மருந்து செலுத்தினார்கள். கறுப்பு நேராக ஏறி மூளைக்குப் போனது. வீக்கம் இருந்த இடத்துக்குள் ஒரு சொட்டும் திரும்பவில்லை. துருசு மூடவில்லை, கரை வெட்டவில்லை, ஓட்டம் நிற்கவில்லை. உள்ளுக்குள்ளேயே புதுக் கரை கட்டிவிட்டார்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்த எந்த வேலையும் இதற்குக் கிட்ட வராது.

கேளுங்கள் என்று டாக்டர் சைகை காட்டினார். மைக்கைப் பிடித்தேன். எனக்குச் சொல் வரவில்லை.

உள்ளே இருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, என்ன சத்தத்தைக் காணேல்லை? உங்களுக்கு ஏதும் செய்யுதோ?"

ஏழு சொல். ஒன்றும் குழறவில்லை.