ராசாத்தியின் படத்துக்கு ஒரு கேமரா

கேமரா விற்பவர்களின் தொழில் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: "எதுக்கு எடுக்கப் போறீங்க?" பூசணிக்காய் விற்பவர் இப்படிக் கேட்பதில்லை. கேமராக் கடையிலோ, பதிலைச் சொன்ன பிறகுதான் கண்ணாடி அலமாரியின் பூட்டே திறக்கிறது.

நான் திண்டுக்கல்லில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று பிறரை வற்புறுத்தியே பழகியவள். இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. ஆனால் அதை எந்தக் கடையிலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் கேமரா வாங்குவதற்காகக் கடை கடையாக ஏறி, ஒரு கடையில் பெற்ற உபதேசத்தை அடுத்த கடையில் பறிகொடுத்துத் திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெளுத்த முகம்

என் தங்கை ராசாத்தி வேடசந்தூரில் தன் மகன் சரவணனோடு இருந்தாள். எங்கள் அப்பாவால் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடிந்தது. அந்த ஒருத்தி நான். அவள் பதினாறு வயதில் நூற்பாலைக்குப் போனாள். அங்கே சுவாசித்த பஞ்சுத் தூசி, அவள் வேலையை விட்ட பிறகும் நுரையீரலை விட்டுப் போகவில்லை. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், மழைக்காலத்தை அவள் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் என்னிடமும் சரவணனிடமும் சொன்னார்.

அன்று வீடு திரும்பியதும் பழைய ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். என் பட்டமளிப்பு, என் திருமணம், என் பணி ஓய்வு விழா ஆகிய எதிலும் ராசாத்தி இல்லை. ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஷிப்ட் இருந்திருக்கிறது. அவள் திருமணமோ அரை நாள் விடுப்பில் ஒரு கோயிலில் நடந்து முடிந்தது. படம் எடுக்க எவரையும் அழைக்கவில்லை. அறுபத்து மூன்று ஆண்டு வாழ்க்கைக்கு மிஞ்சியது ஆலை அடையாள அட்டையில் இருந்த ஒரு படம் மட்டுமே. அதில் அவள் திருட்டுக் குற்றத்துக்காகப் பிடித்து நிறுத்தப்பட்டவளைப் போல நிற்கிறாள்.

என் யோசனைப்படி சரவணன் தன் கைபேசியில் அவளைப் படம் எடுத்தான். எவரும் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கிச் சுருக்கங்களைத் துடைத்துவிடும் கைபேசி அது. ராசாத்தி அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாருக்கா இந்தம்மா? நல்லாச் செவப்பா, பெரிய எடத்து ஆளாட்டம் இருக்கு!"

செத்துப்போன கேமரா

ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஸ்டூடியோக்காரர் வந்தால், அந்தப் படம் எந்தச் சுவருக்கு, எந்த மாலைக்கு என்பது எங்கள் பக்கத்தில் சிறு குழந்தைக்கும் தெரியும். ராசாத்தி முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவாள். ஆகவே நானே ஒரு கேமரா வாங்கிக்கொண்டு, வயதான காலத்தில் எனக்கு இப்படியொரு பொழுதுபோக்குப் பிடித்துவிட்டது என்று அவளிடம் சொல்வதாகத் தீர்மானித்தேன். வாழ்க்கையில் நான் திட்டமிட்டுச் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. இதை ஒழுங்காகச் செய்ய விரும்பினேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த கடையில் ஓர் இளைஞர், "வாங்க பாட்டிம்மா" என்று வரவேற்றார். டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே ஒரு கண்ணாடி இருப்பதையும் இப்போது வருபவற்றில் அது இல்லை என்பதையும் எனக்கு விளக்கினார். ஒளி எதிரொளிப்பைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். நானும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு அவர் கொடுத்த கண்ணாடியில்லாத கேமராவின் வியூஃபைண்டர் என்னும் சாளரத்தில் கண்ணை வைத்தேன். உள்ளே ஒரு சின்னஞ்சிறு தொலைக்காட்சிப் பெட்டி தெரிந்தது. நான் பார்க்க விரும்பியது என் தங்கையை, அவளைப் பற்றிய ஒளிபரப்பை அல்ல. பழைய முறையே எனக்குப் போதும் என்றேன். அவர் மனம் உண்மையாகவே வருந்தியது.

"பாட்டிம்மா, டி.எஸ்.எல்.ஆர். செத்துப்போச்சு. செத்தத வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன செய்யப் போறீங்க?"

சிறுமலைக் குருவி

மேற்கு ரத வீதிக் கடைக்காரர் நேர்மாறானவர். டி.எஸ்.எல்.ஆர். இன்னும் இருபது வருடம் ஓடும் என்று அடித்துச் சொன்னார். எதற்கு எடுக்கப் போகிறேன் என்று அவர் கேட்டதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த "பொழுதுபோக்கு" என்ற சொல்லைச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னை அவர் பேச விடவில்லை. ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் பறவைகளைத்தான் எடுக்கிறார்களாம். சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸை என் கையில் திணித்து, காலை முதல் பேருந்தில் சிறுமலை ஏறிவிட்டால் எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்த வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சொன்னார். முந்தைய கடையில் லென்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கேமராதான் முக்கியம் என்றார்களே என்றேன். "அவிங்களுக்கு என்னம்மா தெரியும்" என்று ஒரே வாக்கியத்தில் அந்தக் கடையை மூடினார்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நான்கடி தொலைவிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவே என் தேவை என்று கரும்பலகையில் எழுதுவது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார்.

"ஆளுகளையா? ஆளுக எங்கம்மா போயிறப் போறாக, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். குருவிதான் பறந்துரும்."

மங்கிய சாளரம்

பழனி சாலையில் திருமணப் படங்கள் எடுக்கும் ஞானம் என்பவர், தாம் பயன்படுத்திய கேமராக்களைச் சுத்தம் செய்து விற்றுவந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தார். இரண்டு கடைகளையும் அவர் ஒரே தட்டில் வைத்துத் தள்ளினார். பெட்டி எதுவானாலும் சரி, முகம் எடுக்க ஜூம் இல்லாத சிறிய லென்ஸ் ஒன்று போதும், தேவையானால் நாமே இரண்டடி முன்னும் பின்னும் நடந்துகொள்ளலாம் என்றார். அதுவரை நான் கேட்டவற்றுள் அறிவுக்குப் பொருந்திய முதல் பேச்சு அதுதான். அந்த லென்ஸ் பொருத்திய பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை எடுத்துத் தந்தார்.

சாளரத்தில் கண்ணை வைத்தேன். எதிரே இருந்த தேநீர்க்கடை புகை மூட்டமாகத் தெரிந்தது. இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன், தெளியவில்லை. லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறது என்று தீர்ப்புக் கூறி, கேமராவை மேசைமேல் வைத்துவிட்டேன். நான் சற்று உரக்கத்தான் சொன்னேன் போலும். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானம் கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது.

"டீச்சர், இதுல எம்புட்டோ கல்யாணம் எடுத்துருக்கேன். ஒரு மாப்பிள்ளகூட மங்கலா இருந்தது இல்ல. மொதல்ல நீங்க கண்ணக் காட்டுங்க."

சின்னச் சக்கரம்

கண் மருத்துவமனையில் கண்ணைக் காட்டினேன். முதல் நாள் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பெரிய மருத்துவரைப் பார்க்க மறுவாரம் வரச் சொன்னார்கள். அவர் விடுப்பில் இருந்ததால் அதற்கும் மறுவாரம், சீட்டுக்கு இன்னும் ஒரு வாரம். மூன்று வாரங்கள் கழித்து, முன்பே கண்புரை அறுவை செய்திருந்த என் கண்கள் பழுதின்றி இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரங்களில் தொலைபேசியில் ராசாத்தியின் வாக்கியங்கள் குறுகிக்கொண்டே வந்தன. முதல் வாரம், "சாப்பிட்டேன்க்கா, நீ சாப்டியா?" என்றவள், மூன்றாம் வாரம் "ம்" என்றாள்.

மருத்துவச் சீட்டோடு ஞானத்தின் கடைக்கு வாதாடவே போனேன். அங்கே தொப்பம்பட்டிப் பக்கத்தில் காதுகுத்து, சீர் வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவர் கட்சியையும் கேட்டவர், கேமராவை வாங்கி, சாளரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பற்சக்கரத்தை நகத்தால் இரண்டு முறை தள்ளி என்னிடம் நீட்டினார். அந்தச் சக்கரம் கடலைப் பருப்பு அளவுகூட இல்லை. சாளரத்தில் கண்ணை வைத்தேன். தேநீர்க்கடைக்காரரின் சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது. அந்தச் சக்கரம் பார்ப்பவரின் கண் பவருக்குச் சாளரத்தைச் சரிசெய்வதற்காக இருக்கிறது. தன் கண்ணுக்கேற்ப ஒரு முறை திருப்பி வைத்த ஞானம், அப்படியொன்று இருப்பதையே மறந்துபோயிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் வில்லையும் குவியத் தூரமும் கற்பித்த எனக்கு அதைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. எத்தனையோ மாணவிகளை இதைவிடச் சிறிய தவறுக்கு எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, இன்னொருத்தரு கண்ணுக்கு வெச்சத உங்க கண்ணால பாத்தா மங்கலாத்தானுங்க தெரியும். இதுக்கு எதுக்குங்க ஆசுபத்திரி?"

மூடி

அந்தக் கேமராவையே வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையே வேடசந்தூர் பேருந்தில் ஏறினேன். ராசாத்தி சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பொழுதுபோக்குக் கதையைச் சொன்னேன்.

"ரிடையர் ஆகி பதினோரு வருசங் கழிச்சு இப்பத்தான் பொழுது போகலையாக்கும்?" என்றாள். மூச்சு வாங்க இரண்டு இடங்களில் நிறுத்தினாள். ஆயினும் குழாயைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், முந்தானையையும் சரிசெய்துகொண்டாள்.

"செத்த நேரந்தான் இருக்க முடியும். சட்டுனு எடு."

முதுகை நிமிர்த்து, தலையைச் சாய்க்காதே, அசையாதே என்று வரிசையாகக் கட்டளையிட்டேன். சாளரத்தில் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. சக்கரத்தை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். இருட்டு அப்படியே இருந்தது. மறுபடியும் மூன்று வாரமா என்று எண்ணிக்கொண்டே இன்னும் ஒரு முறை தள்ளிப் பார்த்தேன்.

"அக்கா," என்றாள் ராசாத்தி, "முன்னாடி மூடியிருக்கே, அதக் கழட்டலையா நீ?"

லென்ஸின் மூடி அப்படியே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இருமல் வரும் என்று தெரிந்தும், அதைப் பொருட்படுத்தாமல், மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். படிப்பாளி அக்காளைக் கேலி செய்ய நாற்பது ஆண்டுகளில் அவளுக்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம் அது. அழுத்தினேன். பிறகு இருமல் வந்துவிட்டது. குழாயை மாட்டி, தண்ணீர் கொடுத்து, அவள் அடங்கிய பிறகு கேமராவின் பின்திரையில் படத்தைக் காட்டினேன். கைபேசிப் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். எதற்காக எடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"இதான் நான். இதையே வச்சுக்க. வேற எடுத்து என்னைய அழகாக்கிப்புடாத."

கண்ணீர் அஞ்சலி

பன்னிரண்டாம் நாள் அவள் போய்விட்டாள். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் பெரிதாக அச்சிட்டு உறையில் வைத்திருந்த படத்தைச் சரவணனிடம் கொடுத்தேன். ஃபிளெக்ஸ் கடைக்கு அவனோடு நானும் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். இந்தப் படத்துக்கு மாலை போட முடியாது என்றார். சரவணன் அழுதுகொண்டிருந்தான். "பெரியம்மா, பல்லுத் தெரியுது. அம்மாவக் கேலி பண்ணி வச்சுட்டேன்னு ஊர்க்காரங்க என்னையத்தான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஆலை அடையாள அட்டையை எடுத்தான். அறுபது பேர் கொண்ட வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவள் நான். ஆயினும் தாயை இழந்து நிற்கும் பிள்ளையின் முன்னே படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தேன்.

கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

"மேல கண்ணீர் அஞ்சலின்னு அடிச்சுட்டுக் கீழ ஆளு சிரிச்சா, யாரு அழுவாங்கம்மா?"

ஆலைப் பேருந்து

முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மேகங்கள், இரண்டு வெள்ளைப் புறாக்கள், நடுவில் அடையாள அட்டையில் இருந்த முகம். கடைக்காரர் தம் வழக்கப்படி அதை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்து, நெற்றியில் புதிதாக ஒரு பொட்டும் வைத்திருந்தார். என் வீட்டு மேசையில் இருக்கும் சிரிக்கிற படத்துக்கு நான் மாலை போடவில்லை. ஒருவரும் போடச் சொல்லவும் இல்லை.

ஷிப்ட் முடிந்த பெண்களை ஆலைப் பேருந்து அந்த முச்சந்தியில்தான் இறக்கிவிடும். ராசாத்தியோடு பல ஆண்டுகள் ஒரே இயந்திர வரிசையில் நின்றவள் என்று சரவணன் பிறகு சொன்ன ஓர் அம்மாள் இறங்கி, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். அருகில் நின்ற என்னை அவளுக்குத் தெரியாது.

"பேரு மட்டும் நம்ம ராசாத்தி பேரா இருக்கு. ஏம்மா, யாரு இந்தம்மா?"

முதல் கேமரா வாங்கப் போகிறவர்களே, எத்தனை கடையில் வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஆனால் முதலில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.