அக்கா கழுவிய காதுக்கற்கள்

மீன் மார்க்கெட்டில் அக்காவின் வெட்டுப்பலகையைப் போலச் சுத்தமான பலகை கிடையாது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அக்காவேதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தம்பியோ மீன் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்க்கிறான். வருகிறவர்கள் விலை கேட்பதற்குள் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுவாள்.

அவன் ஓர் உதவி கேட்டான். "நீ வெட்டுற கொடுவா மீன் தலைக்குள்ள ரெண்டு சின்னக் கல்லு இருக்கும்க்கா. காதுக்கல்லு. அதுல இருக்கிற வளையத்த எண்ணினா மீனோட வயசு தெரியும்."

"வயசு பார்த்து கல்யாணமா பண்ணி வைக்கப் போற?"

"கொடுவா முதல்ல ஆணா இருந்து, வளர்ந்தப்புறம்தான் பெண்ணா மாறும். பெரிய மீனெல்லாம் தாய்க்கா. அதையே பிடிச்சுத் தீர்த்தா குஞ்சு ஏது? எந்த நீளத்துக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணப் போறாங்க. நான் கணக்குக் குடுக்கணும்."

"பொறுப்பு வந்ததும் பொம்பளையாயிடுதா? புத்தியுள்ள மீனுதான்!"

தம்பி சொன்னபடி ஒவ்வொரு மீனின் கல்லையும் தனிக் கவரில் போட்டு, மேலே அந்த மீனின் நீளத்தை எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். கவர்கள் நாறின. தம்பி நாலு பேர் முன்னால் திறப்பானே! கற்களைக் கொட்டி பிரஷ்ஷால் தேய்த்து, நகைப்பெட்டியில் பஞ்சு விரித்துச் சிறிசிலிருந்து பெரிசாக அடுக்கினாள். கவர்கள் குப்பைக்குப் போயின.

பெட்டியைத் திறந்த தம்பி கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். பாராட்ட வார்த்தை தேடுகிறான் என்று அக்கா காத்திருந்தாள்.

"எந்தக் கல்லு எந்த மீனோடதுக்கா?"

"பெரிசு பெரிய மீனோடது."

"குத்துமதிப்பா சொன்னா கூட்டத்துல சிரிப்பாங்க. தயவுசெஞ்சு மறுபடி எடுத்துக் குடு. இந்தத் தடவ அழகா செய்யாத."

தம்பியைப் பார்த்துச் சிரிப்பதா? மறுநாளே ஆரம்பித்தாள். தலையையும் விடாமல் வாங்கிப்போகும் வாடிக்கையாளர்களிடம், "கொஞ்சம் பிளந்து பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சினாள். "உள்ள தங்கம் வச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். ரத்தம் ஒட்டிய கல்லைப் பார்த்ததும் கை தானாக பிரஷ்ஷுக்குப் போனது. பிரஷ்ஷைப் பக்கத்துக் கடை ஐஸ்காரரிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் தராதீங்க" என்றாள். இரண்டு முறை கேட்டாள். அவர் தரவில்லை.

கூட்டம் முடிந்து தம்பி நேரே கடைக்கு வந்தான். "உன் கல்ல வச்சுதான்க்கா முடிவாச்சு. இனிமே பெரிய கொடுவா வலையில வந்தா திருப்பி விட்டுடணும்."

அக்கா பெருமையாக நிமிர்ந்தாள். தலைக்கு மேலேயே கடை போர்டு. அதிலிருந்த படத்தில் அவள் ஆளுயரக் கொடுவாவைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே வெள்ளைப் பெயின்ட் வாங்கி, மீனை மட்டும் பிசிறில்லாமல் அழித்தாள். இப்போது போர்டில் அக்கா வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

"மீன் எங்க போச்சு?" என்று கேட்பவர்களுக்கு அவளிடம் பதில் தயார்.

"கடலுக்குப் போயிருக்கு. என் தம்பிதான் அனுப்பி வச்சான்."