ஐஸ் பெட்டியில் போன இரத்தம்

இரத்தம் எடுக்கப் போகிறவனிடம் எந்த வீட்டிலும் "தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று முதலில் கேட்பதில்லை. "எவ்வளவு எடுப்பியள்" என்றுதான் கேட்பார்கள். ஊசியும் பஞ்சுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிற என் சகபாடிகளுக்கு இது புதினமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பின் ஒரு பக்கத்தை அடித்துப்போடுகிற பாரிசவாதம் வந்து பிழைத்தவர்களின் இரத்தத்தில், அதை உறையவைக்கிற நொதியங்களும் உறையவிடாமல் தடுக்கிற நொதியங்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கிற ஓர் ஆய்வில் நான் களப் பணியாளன். யார் எழும்பி நடப்பார், யார் படுக்கையோடு போவார், யாருக்கு இரண்டாம் தரமும் அடிக்கும் என்று அந்த நொதியங்களை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது கேள்வி. கேள்வி பெரிய இடத்துக் கேள்விதான். அதற்காகக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் புழுதி தின்பது நான்.

மீன்காரன்

எடுத்த இரத்தம் சூடுபட்டால் நொதியங்கள் கெட்டுவிடும். அதனால் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டி ஒன்றை மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் கட்டிக்கொண்டு திரிகிறேன். வன்னியில் இந்தக் கோலத்தில் ஒழுங்கைக்குள் வருகிறவன் ஒரே ஒரு ஆள்தான். வட்டக்கச்சியில் நான் பிரேக் பிடித்தால் போதும், இரண்டு வேலிகளுக்கு அப்பாலிருந்து பூனை வந்துவிடும். அதன் பின்னால் சட்டியோடு யாராவது ஒரு அக்கா வருவா.

அப்படி வந்த ஒருவா, "இண்டைக்கு என்ன, பாரையோ சூடையோ?" என்று கேட்டபடி பெட்டியின் மூடியில் கையை வைத்துவிட்டா. நான் பதறிப்போய், "அக்கா, மீன் இல்லை. உள்ளுக்கு மனுசரின்ர ரத்தம்" என்றேன். அவா அலறவும் இல்லை, கையை உதறவும் இல்லை. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"ரத்தத்துக்கு ஏன் தம்பி ஐஸ்? இஞ்ச அது நிலத்தில கிடந்தும் ஒருத்தரும் வந்து பாக்கேல்லை."

இரும்பு

ஆய்வில் சேருகிறவர்களில் சிலருக்கு மூளையைக் காந்தத்தால் படம் பிடிக்கிற ஸ்கேன் உண்டு. உடம்புக்குள் இரும்பு ஏதும் இருந்தால் அந்த மெசினுக்குள் விட மாட்டார்கள், காந்தம் இழுத்துவிடும். ஆகவே, "உடம்பில எங்கையாவது இரும்புத் துண்டு இருக்கோ?" என்று கேட்க வேண்டும். கொழும்பில் இருந்து இந்தக் கேள்வியை எழுதியவர் பழைய சத்திரசிகிச்சை ஆணிகளை நினைத்து எழுதியிருப்பார், பாவம்.

பூவரசங்குளத்தில் கந்தசாமி ஐயா என்று ஒரு வயல்காரர். வலது கால் இழுத்து இழுத்து நடப்பார். கேள்வியைக் கேட்டதும் அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சேட்டைக் கழற்றினார். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் எத்தனை என்று அவருக்கே தெரியாது. குசினி வாசலில் நின்ற மனைவி, கேட்காமலே தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினா. ஷெல் துண்டு தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஓடி விளையாடியது. மாத முடிவில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. உங்கள் பக்கத்தில் மட்டும் ஏன் ஸ்கேனுக்கு ஆட்கள் கிடைக்கவில்லை, ஒழுங்காகத் தேடுகிறீர்களா என்று கேட்டார்கள். இதை அடுத்த முறை கந்தசாமி ஐயாவிடம் சொன்னபோது அவர் இருமல் வருமட்டும் சிரித்தார்.

"உள்ளுக்கு இரும்பில்லாத ஆள் வேணுமெண்டால், தம்பி, நீங்கள் சண்டைக்குப் பிறகு பிறந்ததுகளுக்குப் பாரிசவாதம் வருமட்டும் காத்திருக்கோணும்."

தலை இழுக்கிற நாள்

ஊசியைக் கண்டால் கையை மடக்குகிறவர்கள்தான் அதிகம். வயலில் பாம்பை வாலில் பிடித்து எறிகிற ஆட்கள்கூட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வட்டக்கச்சி மகேஸ்வரி அம்மா அப்படியில்லை. பாரிசவாதம் அவாவின் இடப் பக்கத்தை அடித்திருந்தது. இடக் கை மடியில் கிடக்கும், இடக் கன்னம் தொங்கும், கதை கொஞ்சம் குழறும். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், மகள் சுகந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்து வருவா. கதிரையில் இருந்ததும் வலது கையை நீட்டிவிடுவா. நான் ரப்பர் பட்டியைத் தேடி முடிக்குமுன்னம் நாளம் தயாராக இருக்கும்.

"காணுமோ தம்பி? இன்னும் எடுங்கோவன்" என்பா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆய்வுக்கு இப்படி ஒத்துழைக்கிற ஓர் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று அலுவலகத்தில் சொல்லித் திரிந்தேன். சுகந்திதான் ஒருநாள் கேற்றடியில் வைத்து, சிரிக்காமல் சொன்னா.

"நீங்கள் வாற நாளில மட்டும்தான் அண்ணா, அம்மா சீப்பால தலை இழுத்து நல்ல சீலை உடுக்கிறா."

கட்டுப்படாத நொதியம்

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிசவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கிற அஸ்பிரின் குளிசை செய்வது ஒரு சின்ன வேலை. இரத்தத்தின் சிறுதட்டுகளுக்குள் இருக்கிற ஒரு நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. அது கட்டுண்டு கிடந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக உறைவது குறையும். அவிழ்ந்து திரிந்தால் அடுத்த கட்டி எப்போது மூளைக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. குளிசை ஒழுங்காகப் போட்டால் ஆய்வுகூடத்தில் அது தெரிந்துவிடும்.

மகேஸ்வரி அம்மாவின் இரத்தத்தில் நொதியம் கோயில் மாடு மாதிரித் திரிந்தது. சிலருக்கு அஸ்பிரின் சரியாக வேலை செய்யாது, அப்படி ஒருவரைப் பிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். கட்டுரையே எழுதலாம். ஆய்வுகூடத்தில் இரத்தத்தைப் பரிசோதிக்கிற வதனி, கையுறையைக் கழற்றியபடி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கட்டுரை அங்கேயே செத்தது.

"குளிசை வேலை செய்யேல்லை எண்டில்லை அண்ணா, குளிசை வயித்துக்குள்ள போகவே இல்லை."

தொங்கிய கன்னம்

அடுத்த தரம் போய்க் கேட்டபோது சுகந்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்தா. நாள் தவறாமல் தன் கையாலேயே வாயில் போட்டுத் தண்ணீரும் பருக்குவதாகச் சொன்னா. "சரி, எனக்கு முன்னால ஒருக்கால் குடுங்கோ" என்றேன். மகேஸ்வரி அம்மா வாயைத் திறந்தா, தண்ணீர் குடித்தா, விழுங்கினா. பிறகு என்னோடு மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கதைத்தா. கதைக்கக் கதைக்க, வாயின் இடப் பக்க மூலையிலிருந்து வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒன்று வழிந்தது. உணர்ச்சி செத்த கன்னத்துக்குள் குளிசையை ஒதுக்கி வைத்திருந்தா. பிறகு கிணற்றடியில் கொப்பளித்துத் துப்புவது வழக்கம். வழிவது அவாவுக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கம்தான் மரத்துப் போயிற்றே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொருக்கால் அடிச்சால் நீங்கள் தப்பமாட்டியள் அம்மா!" என்று கத்தியே விட்டேன். அவா சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, விளக்கமில்லாதவனுக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னா. மூத்தவன் குமரன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். புதைகுழிகளிலிருந்து எலும்புகள் தோண்டி எடுக்கிறார்கள், பிள்ளையைத் தேடுகிற தாய்மாரின் இரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள் என்று ஊருக்குள் கதை. பெட்டியோடு வந்து, இரத்தம் எடுத்து, ஆராய்ந்து பார்க்கக் காலமெடுக்கும் என்று சொன்ன ஒரே ஆள் நான்.

"ரத்தத்தை இளக்கிற குளிசை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், இளக்கிப்போட்டால் என்ர பிள்ளையின்ர எலும்போட எப்பிடித் தம்பி பொருந்தும்?"

மடங்கிய கை

சுகந்தி என்னைக் கேற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனா. இரத்தம் குமரனுக்காகத்தான் என்று தாய் நினைத்திருப்பது அவாவுக்கு முன்பே தெரியும். குளிசை விசயம் மட்டும் தெரியாது. "அந்த நினைப்பிலதான் அண்ணா எழும்பி நடக்கிறா. குளிசை போட்டாலும் பொருந்தும் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. அது பொய்யில்லைத்தானே?" என்றா. பொய்யில்லை. எந்தக் குளிசையும் தாய் பிள்ளை உறவை மாற்றாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து அப்படியே சொன்னேன்.

மகேஸ்வரி அம்மாவின் முகத்தில் நல்ல பக்கம் மலர்ந்தது. "அப்ப இவ்வளவு நாளும் எடுத்தது பொருந்திச்சுதோ?" என்று கேட்டா.

அந்தக் கேள்விக்கு முன்னால் பாதி உண்மை நிற்கவில்லை. சொன்னேன். இந்த இரத்தம் உங்கள் வருத்தத்தைப் பற்றி மட்டும் பார்ப்பதற்கு, குமரனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஒருவரும் எதையும் பொருத்திப் பார்க்கவில்லை என்று. அவாவின் வலது கை மெல்ல மடங்கிச் சீலைக்குள் போயிற்று. அன்றைக்கு நான் வெறும் பெட்டியோடு திரும்பினேன். இந்த மனுசியைக் கொன்றுவிட்டேன் என்றுதான் வழி முழுக்க நினைத்தேன்.

அடுத்த தவணைக்குப் போக மனமில்லாமல் போனேன். தலை இழுக்கவில்லை, பழைய சீலை. முற்றத்துக்கு வரவில்லை, உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரத்தம் கேட்டேன், தரமாட்டன் என்று தலையை ஆட்டினா. ஆய்விலிருந்து விலகுவது அவாவின் உரிமை, நான் எழும்பினேன். அப்போது சுகந்தியிடம் கையை நீட்டிக் குளிசையை வாங்கி, வலப் பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்து, கசக்கக் கசக்க மென்று விழுங்கினா. பிறகு நான் பார்ப்பதற்காக வாயை ஆவென்று திறந்து காட்டினா.

"உண்மையா என்ர பிள்ளைக்காக ரத்தம் கேட்டு வாறவை வாற நாளில குடுக்கிறதுக்கு நான் இருக்கோணுமெல்லே, அதுவரைக்கும் இந்த ரத்தத்தில ஒரு துளியும் உங்களுக்கில்லை."

பாரிசவாதம் வந்த ஒருவரை உயிரோடு இழுத்துப் பிடித்து வைத்திருப்பது எது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அதை ஒரு வீட்டில் நேரிலேயே பார்த்துவிட்டு, இரத்த மாதிரி கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறேன்.