தொங்கிய வயர்

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கணினிகளுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் இல்லை. பிரதான கணினியிலிருந்து வயர் வழியாகத்தான் இயங்கத் தொடங்கும். மறுநாள் பரீட்சை. ஒன்றுகூடத் தொடங்கவில்லை என்று, திருத்துவதற்கு அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். படகிலேயே களைத்துப்போனேன். வயர்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில் கடைசிப் படகும் போய்விட்டது. அதன்பிறகே கண்டேன்: வயர்களெல்லாம் கூடும் பெட்டியில் ஒரே வயரின் இரு நுனிகளும் செருகப்பட்டிருந்தன. தகவல் அதற்குள்ளேயே சுற்றி வழியை அடைத்துவிட்டது.

“ஆர் இதைச் செருகினது?” என்று கத்தினேன்.

“நான்தான் அண்ணை. பரீட்சைக்கெண்டு துப்புரவாக்கினனான். வயர் தொங்கிக்கொண்டிருந்தது...” என்றாள் கணினி அறைக்குப் பொறுப்பான இளம் ஆசிரியை.

கழற்றியதும் எல்லாம் இயங்கின.

என்ன பிழை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “உப்புக்காற்று” என்றேன், நம்பினார்கள். கத்தியதற்குக் காரணம் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அதைத்தான் நம்ப முடியவில்லை.