மாவு ஏறிய துப்பாக்கி

நெல்டா ப்ரூவரின் ஏப்ரனில் இரண்டு பைகள். இடப்பக்கத்தில் கைத்துண்டு, வலப்பக்கத்தில் துப்பாக்கி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னது. கோல்டர் க்ரீக் என்கிற அந்த அமெரிக்கச் சிற்றூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டை ஏந்தி வரும் மனிதரின் கோட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கும். வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வெளியே நிற்கிறவர்கள் உண்டு; துப்பாக்கியை மறந்தவர்கள் அபூர்வம்.

பெட்ரோல் பங்கை ஒட்டினாற்போல் நெல்டாவின் சாப்பாட்டுக் கடை. மரவாடிக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே பசியோடு வந்து நிற்பார்கள். அதற்குள் அடுப்பில், பிஸ்கட் என்று அங்கே சொல்கிற மெத்து ரொட்டி உப்பி எழுந்திருக்க வேண்டும், பன்றிக்கறி போட்ட வெள்ளைக் குழம்பு கொதித்திருக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் பின்கதவு வழியாக ஒருத்தன் நுழைந்தான். அவளை மாவுத் தொட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டுக் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முறிந்த மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. கதவு கிறீச்சிட்டாலே கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கடையை இழுத்து மூடிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

அப்போதுதான் புருஷன் டாய்ல் இந்தத் துப்பாக்கியை வாங்கி வந்தான். ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், தகர டப்பாவைக் குறிவைத்துச் சுடச் சொன்னான். ஒன்றுகூடப் படவில்லை. "பரவால்ல, உள்ள வர்றவன் டப்பாவ விடப் பெரிசாத்தான் இருப்பான்" என்று சிரித்தான். அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவன் போன பிறகும் அவள் தனியாக நின்று கடை திறந்தாள் என்றால், அது அந்த வலப்பக்கத்துப் பையின் கனத்தால்தான்.

ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றித் துப்பாக்கியைத் துடைப்பாள். ஒரு சொட்டு போதும் என்று டாய்ல் சொல்லியிருந்தான். அவன் கொடுத்த பொருளுக்கு எண்ணெயில் என்ன கஞ்சத்தனம் என்று இவள் தாராளமாகவே ஊற்றினாள். சுட்டுப் பார்ப்பது மட்டும் கிடையாது. வெடிச்சத்தம் அவளுக்கு ஆகாது. நாள் முழுக்க மாவு பிசைகிற கை அதே பைக்குள் போய் வந்துகொண்டிருந்ததை அவளும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள் விடியுமுன், பின்பக்கத்து விளக்கு எரியவில்லை. மாற்றவேண்டும் என்று நினைத்தபடியே மாவில் வெண்ணெயைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்கதவு தடாலென்று திறந்தது. யாரோ தோளால் இடித்திருக்கிறார்கள். நெடிய உருவம். தலையை மூடிய சட்டை. முகம் தெரியவில்லை.

அவள் கை பைக்குள் போனது. வெளியே எடுக்கக்கூட இல்லை. பைக்குள் இருந்தபடியே குறிவைத்து விசையை இழுத்தாள்.

டக் என்றது. அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கங்கம்மா!" என்றான் வந்தவன். "ரெண்டு கையிலயும் மோர்ப்பெட்டி. தட்ட முடியல, அதான் இடிச்சேன். எம்பேரு ராய்ஸ். பிஸ்கட் மாவுக்கு வழக்கமா மோர் கொண்டார்ற பெரியவருக்கு முட்டி வலி, இனிமே நாந்தான் கொண்டாருவேன்."

புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் அவன் காதில் எதுவும் விழவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையின் தலைமறைப்பைப் பின்னால் தள்ளினான். முப்பது வயது இருக்கும். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"உக்காரு. சாப்ட்டுப் போ" என்றாள் நெல்டா. குரல் எங்கிருந்தோ வந்தது.

"வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டும்."

தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் கைத்துண்டை வாயில் அடைத்து அழுதாள்.

அன்று மதியமே துப்பாக்கியை பர்ல் ஹென்ஸ்லியிடம் கொண்டுபோனாள். துப்பாக்கி பழுதுபார்க்கிற பர்லும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அதைப் பிரித்துப்போட்டு, பல்குச்சியால் உள்ளே நோண்டினான். எண்ணெயும் மாவும் குழைந்து பழுப்பாகக் கட்டிதட்டிப் போயிருந்தன.

"அடியே நெல்டா, இத அடுப்புல வெச்சா உப்பி வரும் போலிருக்கே!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். "சின்னத் துப்பாக்கி சின்னப் புள்ள மாதிரி. பெரிசு எதையும் தாங்கிக்கும், இதுக்குத் துளி தூசி ஆகாது. தோட்டாவக் குத்துற ஊசி சேத்துல மாட்டின மாதிரி மாட்டிக்கிட்டு நிக்குது பாரு. வெறும் பையில போடாத, தோலுறை வாங்கு. மாசத்துக்கு ஒரு தடவையாவது சுட்டுப் பாரு."

பிரிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த தோட்டாக்களில் முதலாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் ஊசி லேசாகத் தொட்ட வடு இருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"எப்ப விசைய இழுத்த?"

நெல்டா பிரித்துப்போட்ட பாகங்களில் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தத் தோட்டாவை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். துப்பாக்கியைச் சுத்தம் செய்து பூட்டி, மற்றத் தோட்டாக்களைப் போட்டு, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னான். துப்பாக்கியில் இருந்த அத்தனையும் தவறாமல் வெடித்தன.

"இனிமே தைரியமா நம்பலாம்" என்றான்.

வீட்டுக்கு வண்டி ஓட்டுகையில் பர்ல் சொன்ன அந்த 'நம்பலாம்' அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. டாய்ல் போன நாளிலிருந்து இத்தனை பயந்ததில்லை. முன்பு கதவைக் கண்டு பயம். இப்போது தன் கையைக் கண்டு பயம். துப்பாக்கி இல்லாமல் கடையில் நிற்க அவளால் முடியாது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கவும் இனி முடியாது.

மறுநாள் விளக்கை மாற்றினாள். தச்சனை வரவழைத்துப் பின்கதவில் அகலமாகக் கண்ணாடி பதிக்கச் சொன்னாள். துப்பாக்கிக்கு உறை வாங்கி, அடுப்புக்கு அந்தப் பக்கம் இழுப்பறையில் வைத்தாள். போய் எடுப்பதற்குள் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். திருடன் வந்தால் தாமதம்தான். வந்தால் வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். முதல் வாரம் பொழுதுக்கும் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிற்று.

நெல்டா துப்பாக்கியில் மாவு பிசைந்த கதையை பர்ல் எவ்வளவுதான் அடக்கி வைத்திருந்தாலும், அவன் வாய் அத்தனை கெட்டியில்லை. பாதிக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. வடுப்பட்ட தோட்டாவைப் பற்றி மட்டும் அவன் மூச்சு விடவில்லை.

ராய்ஸ் அடுத்த முறை வந்தபோது, கண்ணாடிக்கு வெளியே நின்று மோர்ப்பெட்டியை உயர்த்திக் காட்டிப் பல்லைக் காட்டினான். அவள் கதவைத் திறந்தாள்.

"என்னம்மா, துப்பாக்கிய பிஸ்கட் ஆக்கிட்டீங்களாமே!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். பிறகு சிரிப்பை விட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டான். "விளையாட்டு இல்லம்மா. அது வெடிக்காதுன்னு தெரியாமயே இத்தன நாளா நின்னிருக்கீங்க. யாராவது வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

நெல்டா அவன் தட்டில் மூன்றாவது பிஸ்கட்டை வைத்தாள்.

"ஆறிடப் போவுது" என்றாள். "சாப்டு."