நொட்டாங்கைப் பச்சை

மூக்கருகே கொண்டுபோனால் முதலில் பபிள்கம்மின் இனிப்பு வாசனைதான் வரும்; கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து அச்சு மையின் வாசனை மெல்ல எழும்பும். ஆரணியில் பட்டு நெய்கிற எங்கள் வீட்டில் எந்நேரமும் நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசனையே சுற்றிக்கொண்டிருந்ததால், உள்ளங்கையளவு இருந்த அந்த வழுவழுப்பான அட்டைகளை முகர்ந்து பார்ப்பதே எனக்கு ஒரு வெளியூர்ப் பயணமாக இருந்தது.

பட்டு நூல் வாங்கப் பெங்களூர் போய்வரும் சித்தப்பா, அங்கே ஏதோ ஒரு கடையில் கிடைத்த பபிள்கம் பாக்கெட்டுகளை எனக்கும் பக்கத்து வீட்டுச் செல்விக்கும் வாங்கி வருவார். ஒவ்வொன்றிலும் ஒரு அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் படம் போட்ட அட்டை இருக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாரும் கிரிக்கெட் அட்டைக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இருவர் மட்டும் இந்த நெட்டையர்களைச் சேர்த்தோம். எங்கள் பெண்கள் பள்ளி மைதானத்தில் துருப்பிடித்த கம்பத்தில் வலையில்லாத ஒரு வளையம் இருந்தது, அதில் பந்தைப் போடத் தெரிந்தவர்கள் நாங்கள்தான் என்கிற தலைக்கனம் எங்களுக்கு உண்டு.

அந்த நெட்டையர்களில் ஒருவரிடம் நான் அப்படியே விழுந்துவிட்டேன். அவர் எத்தனை கோப்பை வென்றார், எவ்வளவு உயரம் குதித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பந்தை அவர் இடது கையால் பிடித்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. நானும் இடது கைக்காரி. கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினாலும், விருந்தாளி கொடுக்கும் பழத்தை வாங்கினாலும், "நொட்டாங்கைய உள்ள வைடி" என்று அம்மாவின் குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். இங்கேயோ வளர்ந்த மனிதர் ஒருவர் எல்லாவற்றையும் அதே கையால் செய்துகொண்டிருக்கிறார், ஒரு மைதானமே எழுந்து நின்று கை தட்டுகிறது. அவருடைய ஆங்கிலப் பெயரைச் செல்வி ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் படித்துச் சண்டை வந்ததால், பொதுவாக "நொட்டாங்கைக்காரர்" என்று வைத்துக்கொண்டோம்.

அவருடைய அட்டைகளில் நான் ஏங்கியது பச்சைச் சட்டை போட்டிருந்த ஒன்றுக்குத்தான். பச்சை என்று சொல்வது பேச்சுக்காக. நீலமா பச்சையா என்று அதற்கே சந்தேகம் இருந்திருக்கும். ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் பட்டை. அது செல்வியின் பாக்கெட்டில் வந்து தொலைத்தது. என் முகத்தைப் பார்த்தே அதன் மதிப்பைத் தெரிந்துகொண்ட அந்தப் பாவி, நொட்டாங்கைக்காரரைத் தவிர என்னிடமிருந்த அத்தனை வீரர்களையும் ஒரே கட்டாக வாங்கிக்கொண்டு, ஏதோ தானம் செய்கிறவள் மாதிரி அதைக் கொடுத்தாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆங்கிலப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, பாடம் படிக்கிறேன் என்ற பெயரில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் அட்டை இல்லை. ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்: "அந்தப் பச்சையா? சாயப்பட்டறைக்கு மாதிரி வேணும்னு உங்க சித்தப்பா கையில குடுத்தனுப்பிச்சேன்."

எங்கள் வீட்டுத் தறியில் எந்தப் புடவை உடலுக்கு எந்தக் கரை என்று நிறம் முடிவு செய்கிறவள் அம்மா. வெற்றிலை, மிட்டாய்க் காகிதம், கல்யாணத்தில் பார்த்த யாரோ ஒருத்தியின் ரவிக்கைத் துணி என்று கண்ணில் படுகிற எதுவும் அவளுக்கு மாதிரிதான். மாதிரி பட்டறைக்குப் போனால் சாயக்காரர் அதை இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி அவரிடம் இருக்கும், மறுபாதி நம் வீட்டுக்கு வரும். சாயம் ஏறிய நூலை அவரவர் பாதியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் பேச்சு வராது. இது ஊர் வழக்கம். அது நினைவுக்கு வந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பச்சை வரவேண்டும் என்று, மேலிருந்து கீழாக நேர்த்தியாக வெட்டியிருந்தார். முகமும் வலது தோளும் அவர் பாதியில். பந்தும் அந்த இடது கையும் சித்தப்பா கையிலிருந்த பாதியில். பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். "இன்னாப்பா இது, அட்டைக்குப் போயி கொயந்த இப்டி அழுவுது?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

வீட்டில் அம்மா அந்தப் பாதியை வாங்கிச் சற்று நேரம் பார்த்தாள். அதில் இருந்தது எந்தக் கை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் அவளே பட்டறைக்குப் போய் மறுபாதியைக் கேட்டாள். "இந்தக் கலர்ல தறி ஓடற வரைக்கும் மாதிரி பட்டறையிலதாங்க இருக்கணும்" என்று சாயக்காரர் கையை விரித்துவிட்டார்.

ஒரு புடவையோடு முடிந்துவிடும், அட்டை திரும்பிவிடும் என்று நான் நம்பினேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "பேஜார் பண்ணாதீங்க அண்ணி, இந்தக் கலர எவ கட்டுவா?" என்றார். பச்சை உடல், கத்தரிப்பூக் கரை. தறியிலிருந்து அறுத்த புடவையை அம்மா மடித்துக் கொடுத்தனுப்பினாள். கடைக்குப் போன வேகத்தில் அது விற்றுப்போனது, அதே நிறத்தில் இன்னும் வேண்டும் என்று ஆள் வந்தது. அம்மா சாயக்காரரிடம், "அந்த நொட்டாங்கைக்காரன் பச்சையில போடுங்க" என்பாள். அவர் அதையே மற்றவர்களிடம் சொல்ல, தெருவில் பல தறிகளில் அந்தப் பச்சை ஏறியது. ஆக, நிறம் நிற்கவுமில்லை, அட்டை வரவுமில்லை.

ஆனால் பட்டறைக்குப் போய்வரும்போதெல்லாம் அம்மா எனக்குச் சேதி கொண்டுவருவாள். "உங்க ஆளு நல்லா கீறான், செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிகீறாங்க" என்பாள், வேலூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள் போல. என் இடது கையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு குறைந்துபோனது. அறுபட்ட அட்டைக்காக அழுத நானே, கோயிலில் யாராவது அந்தப் பச்சையில் நடந்துபோனால் செல்வியை இடித்துக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

போன மாதம் மகளின் நிச்சயதார்த்தப் புடவைக்காக அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போனோம். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பள்ளி மைதானத்துக் கம்பத்தைப் புதுக் கட்டடம் விழுங்கிவிட்டது. பபிள்கம்மில் அட்டை வந்தது என்றால் மகள் நம்பமாட்டேன் என்கிறாள்; காட்டலாம் என்றால் என்னிடமிருந்த பாதியும் ஏதோ ஒரு வீடு மாற்றியதில் போய்விட்டது.

பட்டுக் கடையில் பையன் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தவன், ஒரு புடவையை விரித்து, "இது நொட்டாங்கைப் பச்சைங்க, நம்ம ஊரு கலரு" என்றான்.

"ஏன் தம்பி அந்தப் பேரு?" என்றேன்.

"அது தெரியலைங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான் சொல்லிகினு இருக்கோம்."

மகள் அதைத்தான் எடுத்தாள். பையன் புடவையைத் தட்டில் வைத்துக் குங்குமமும் பூவும் வைத்து நீட்டினான். பழக்கத்தில் என் இடது கைதான் முன்னே போயிற்று. அவன் தட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, "சோத்தாங்கையில வாங்குங்கம்மா, நல்ல காரியம்" என்று தயங்கிச் சொன்னான்.

நான் கையை மாற்றப் போனேன். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் வந்தது.

"அந்தக் கையிலயே குடுப்பா. அந்தக் கலரே அவ கையோடதுதான்."